வாராந்திரக் கூட்டத்தைக் குறைப்பதா, கலைப்பதா, பிரிப்பதா?

பத்துப் பேர் கொண்ட ஒரு குழு வாரந்தோறும் ஒரு மணி நேரம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவராகத் தாம் செய்த வேலையைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நடுவில் ஒரு சிக்கல் தலைகாட்டுகிறது. அதைப் பற்றி மூன்று பேர் இருபது நிமிடம் பேச, மற்ற ஏழு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் நேரம் முடிந்துவிடவே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் எழுந்துகொள்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் ஏதோ சரியில்லை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருப்பதில்லை. அதற்கு என்ன மாற்று என்று கேட்கும்போதுதான் கருத்துகள் பிரிகின்றன. நேரத்தைக் குறைத்தால் போதும் என்பார் ஒருவர். தினமும் பதினைந்து நிமிடம் நின்றபடியே பேசி முடித்துவிடலாம் என்பார் இன்னொருவர். கூட்டமே வேண்டாம், எழுதி அனுப்பிவிடலாம் என்பவரும் உண்டு. பேச வேண்டியதை முன்கூட்டியே குறிப்பாக எழுதிவைத்து, அதைப் படித்த பிறகே பேசலாம் என்பது நான்காவது யோசனை.

நான்கிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இவற்றை நேரக் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். மேலே சொன்ன கூட்டம் ஒரே மணி நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்ய முயல்கிறது: யார் என்ன செய்கிறார்கள் என்ற தகவலைப் பகிர்கிறது, வேலைக்கு நடுவில் வந்த தடையை நீக்கப் பார்க்கிறது, ஒரு விஷயத்தில் முடிவெடுக்கவும் பார்க்கிறது. இந்த மூன்றுக்கும் தேவைப்படும் ஆட்களும் வேறு, நேரமும் வேறு, முன்தயாரிப்பும் வேறு. எந்த வேலைக்கு எந்த வடிவம் பொருந்துகிறது என்பதே என் பார்வையில் ஒப்பீட்டின் அடிப்படையாக இருக்க வேண்டும்.

முதல் யோசனை, நேரத்தைக் குறைப்பது. இதைச் செய்ய யாருடைய சம்மதத்துக்கும் அதிகம் போராட வேண்டியதில்லை. கூகுள் காலண்டரிலும் அவுட்லுக்கிலும் கூட்டங்களைச் சில நிமிடங்கள் முன்னதாகவே முடிக்கும்படி அமைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அரை மணி நேரக் கூட்டம் 25 நிமிடத்தில் முடிவதாகவும், ஒரு மணி நேரக் கூட்டம் 50 நிமிடத்தில் முடிவதாகவும் அழைப்பு போய்விடும். அடுத்தடுத்துக் கூட்டங்கள் உள்ளவர்களுக்கு இடையில் மூச்சுவிட நேரம் கிடைப்பதே இதன் உண்மையான பயன். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறதோ அவ்வளவு நேரத்துக்கும் அது விரிந்துகொள்ளும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் 1955இல் எழுதியது கூட்டங்களுக்கும் பொருந்துகிறது என்பதால், இந்தக் குறைப்பால் பெரிய இழப்பு எதுவும் வராது.

ஆனால் அதே பார்க்கின்சன் காட்டிய இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் கற்பனை செய்த ஒரு நிதிக் குழு, ஒரு கோடி பவுண்ட் மதிப்பிலான அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தந்துவிடுகிறது. 350 பவுண்ட் செலவாகும் மிதிவண்டிக் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதிக்கிறது. அணு உலை பற்றிப் பேச அங்கே பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது, கொட்டகையைப் பற்றிப் பேச எல்லோராலும் முடியும் என்பதே காரணம். கூட்டத்தின் உள்ளமைப்பை மாற்றாமல் நேரத்தை மட்டும் வெட்டினால், வெட்டுப்படுவது கொட்டகைப் பேச்சு அல்ல. எளிய விஷயங்கள் முதலில் வந்து நேரத்தைத் தின்றுவிட, கடைசியில் வைக்கப்பட்டிருந்த கடினமான விஷயந்தான் விடுபடுகிறது.

ஆகவே நேரக் குறைப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிகழ்ச்சி நிரலையும் கூடவே மாற்றியாக வேண்டும். பெரும்பாலான நிகழ்ச்சி நிரல்கள் தலைப்புகளின் வரிசையாகவே இருக்கின்றன. உதாரணமாக, 'கணக்கியல் மென்பொருள்' என்று ஒரு வரி இருந்தால், அதன் கீழ் எதை வேண்டுமானாலும் பேசலாம், எப்போது பேசி முடித்தோம் என்பதும் தெரியாது. அதையே 'கணக்கியல் மென்பொருளின் உரிமத்தை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிப்பதா, நிதியாண்டு முடிவதற்குள் புதிய மென்பொருளுக்கு மாறுவதா? முடிவெடுப்பவர்: நிதி மேலாளர். நேரம்: 20 நிமிடம்' என்று எழுதிப் பாருங்கள். யார் வர வேண்டும், என்ன தகவலோடு வர வேண்டும், எப்போது எழுந்து போகலாம் என்ற மூன்றுக்கும் அந்த ஒரே பதிவில் விடை கிடைத்துவிடுகிறது. இப்படிக் கேள்வியாக எழுத முடியாத விஷயத்துக்குப் பெரும்பாலும் கூட்டமே தேவைப்படுவதில்லை.

இரண்டாவது யோசனை, தினசரி நின்று பேசும் கூட்டம். மென்பொருள் துறையில் இது ஸ்டாண்ட்-அப் என்ற பெயரில் வழக்கமாகிவிட்டது. ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் 1995இல் முன்வைத்த ஸ்க்ரம் முறை (சிறு குழுக்கள் குறுகிய காலக் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்யும் முறை), தினமும் 15 நிமிடத்துக்கு மிகாத ஒரு கூட்டத்தைத் தன் அடிப்படைகளில் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. நின்றுகொண்டு பேசுவதால் பயன் உண்டா என்பதை ஆலன் புளூடோர்னும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட சோதனை ஆராய்ந்தது. உட்கார்ந்து பேசிய குழுக்கள் நின்று பேசிய குழுக்களைவிட 34 சதவீதம் அதிக நேரம் எடுத்துக்கொண்டன, முடிவுகளின் தரத்தில் வேறுபாடு காணப்படவில்லை. சோதனைக்காகக் கூட்டப்பட்ட சிறு குழுக்களில் கிடைத்த முடிவு இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாலும், திசை தெளிவாகவே இருக்கிறது. எல்லோராலும் பதினைந்து நிமிடம் நிற்க முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. உட்கார்ந்துகொண்டே பதினைந்து நிமிட வரம்பைக் கறாராகக் கடைப்பிடிக்கும் குழுவுக்கும் இதே பலன்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் தினசரிக் கூட்டம் நேரத்தை மிச்சப்படுத்தும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பத்துப் பேர் வாரம் ஒரு மணி நேரம் கூடினால் செலவு பத்து ஆள்-மணி. அதே பத்துப் பேர் வாரத்தில் ஐந்து நாட்கள் 15 நிமிடம் கூடினால் செலவு பன்னிரண்டரை ஆள்-மணி. இரண்டரை மணி நேரம் கூடத்தான் ஆகிறதே தவிர, குறையவில்லை. இதற்கு மேல், ஆழ்ந்து செய்ய வேண்டிய வேலையில் இருப்பவருக்கு முற்பகலின் நடுவே வரும் பதினைந்து நிமிடம் என்பது வெறும் பதினைந்து நிமிடம் அல்ல. அதற்கு முன்பும் பின்பும் துண்டுபட்டுப் போகும் நேரத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். தினசரிக் கூட்டம் வைப்பதானால் வேலை நாளின் தொடக்கத்திலோ மதிய இடைவேளைக்குச் சற்று முன்போ வைப்பது இந்தச் சேதத்தைக் குறைக்கும்.

அப்படியானால் இந்தக் கூடுதல் செலவு எப்போது தகும்? ஒருவரின் இன்றைய வேலை இன்னொருவரின் நேற்றைய வேலையைச் சார்ந்திருக்கும்போது தகும். பணி நேரம் மாறும்போது நோயாளிகளின் நிலையைக் கைமாற்றிச் சொல்லும் செவிலியர்கள், ஒரே உற்பத்தி வரிசையில் அடுத்தடுத்து நிற்பவர்கள், ஒரே மென்பொருளின் பகுதிகளைச் சேர்ந்து கட்டுபவர்கள் ஆகியோருக்கு ஒருநாள் தாமதம்கூட விலை உயர்ந்தது. அவரவர் தனித்தனிக் கோப்புகளோடு வேலை பார்க்கும் அலுவலகத்தில் தினசரிக் கூட்டம் வெகு சீக்கிரம் வருகைப் பதிவேடாக மாறிவிடும். ஒவ்வொருவரும் மேலாளரின் முகத்தைப் பார்த்துத் தாம் சும்மா இருக்கவில்லை என்று நிரூபிக்கத் தொடங்கிவிடுவார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்ற மூன்று கேள்விகளை ஸ்க்ரம் வழிகாட்டியே தன் 2020 பதிப்பில் நீக்கிவிட்டது. அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகச் சில குழுக்கள் பின்பற்றும் வழக்கம் எனக்குப் பிடித்தமானது: ஆளுக்கு ஆள் சுற்றி வராமல், வேலைகளை அவற்றின் நிலைப்படி இடமிருந்து வலமாக அடுக்கிக் காட்டும் வேலைப் பலகையின் வலது ஓரத்திலிருந்து, அதாவது முடியும் தறுவாயில் இருக்கும் வேலையிலிருந்து தொடங்கி, இதை முடிக்க இன்று என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்கள். பேச்சு ஆளை விட்டு வேலையின் பக்கம் திரும்பிவிடுகிறது. தடை என்று ஒன்று வந்துவிட்டால் அதை அங்கேயே அலசாமல், தொடர்புடைய இருவர் மட்டும் பின்னால் தங்கிப் பேசிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, எழுத்து. தகவல் பகிர்வு என்ற வேலைக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒருவர் தம் நிலையை எழுதப் பத்து நிமிடமும் மற்ற ஒன்பது பேருடையதைப் படிக்கப் பத்து நிமிடமும் எடுத்துக்கொண்டால், பத்துப் பேருக்கு மொத்தம் 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம். பத்து ஆள்-மணியில் மூன்றில் ஒரு பங்கில் அதே தகவல் எல்லோரையும் சென்றடைகிறது. தேடினால் பிறகும் கிடைக்கிறது. விடுப்பில் இருந்தவரும் புதிதாகச் சேர்ந்தவரும் யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்கிறார்கள். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நேர மண்டலங்களில் இருப்பவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இது வெற்றி பெறுவதும் தோற்பதும் எழுதும் விதத்தில் இருக்கிறது. 'பணிகள் நல்லபடியாக நடந்துவருகின்றன' என்ற வரியைப் படித்து யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பயன்படும் அறிக்கை இப்படி இருக்கும்: 'வாடிக்கையாளர் பட்டியல் சரிபார்ப்பு முடிந்தது. 40 பதிவுகளில் முகவரி இல்லை. விற்பனைப் பிரிவிடம் கேட்டிருக்கிறேன், புதன்கிழமைக்குள் வராவிட்டால் அச்சுக்கு அனுப்புவது இரண்டு நாள் தள்ளிப்போகும். விற்பனை மேலாளர் ஒரு வார்த்தை சொன்னால் உதவியாக இருக்கும்.' முடிந்தது எது, முடியாதது எது, அதனால் என்ன ஆகும், யாரிடமிருந்து என்ன வேண்டும் என்ற நான்கும் நான்கு வரிகளுக்குள் வந்துவிட்டன. கடைசி வரிக்கு யாராவது அன்றே பதில் எழுத வேண்டும் என்பதுதான் முக்கியம். எழுதியதை யாரும் படிப்பதில்லை என்ற எண்ணம் வந்துவிட்டால், மூன்றாவது வாரத்தில் அறிக்கைகள் ஒற்றை வரியாகச் சுருங்கும், ஐந்தாவது வாரத்தில் நின்றுபோகும். மேலாளர் ஒவ்வொன்றையும் படித்தார் என்பதற்கு ஒரு பதில், ஒரு கேள்வி, ஒரு நன்றி என்று ஏதேனும் ஓர் அடையாளம் தெரிய வேண்டும்.

கருத்து வேறுபாடு உள்ள விஷயங்களுக்கு எழுத்து பொருந்தாது. குழு அரட்டையில் ஒருவர் கேட்க, இன்னொருவர் மறுக்க, மூன்றாமவர் இடையில் புகுந்து வேறொன்றைச் சொல்ல, நேரில் பத்து நிமிடத்தில் முடியக்கூடிய பேச்சு இரண்டு நாட்களுக்கு நீளும். எழுத்தில் குரலின் தொனி தெரியாததால், சாதாரணக் கேள்விகூடக் குற்றச்சாட்டாகப் படும். இரண்டு முறை பதில் எழுதியும் தெளிவாகாத விஷயத்தை மூன்றாம் முறை எழுதாமல் பேசித் தீர்ப்பது என்று குழுவுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவது யோசனை முடிவெடுக்கும் வேலைக்கென்றே உருவானது. அமேசான் நிறுவனத்தில் 2004ஆம் ஆண்டு ஜெஃப் பெசோஸ், உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்ட் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக முழு வாக்கியங்களில் எழுதப்பட்ட குறிப்பைக் கேட்டார். ஆறு பக்கத்துக்கு மிகாத அந்தக் குறிப்பைக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்து படிக்கிறார்கள், அதன் பிறகே பேச்சு தொடங்குகிறது. படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிப் பயனில்லை, படிப்பதற்கான நேரத்தைக் கூட்டத்துக்குள்ளேயே ஒதுக்கிவிடுவோம் என்ற நடைமுறை அறிவுதான் இதன் பலம்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு என் மனத்தில் முதலில் நிற்கும் காரணம் கரோல்டு ஸ்டாஸரும் வில்லியம் டைட்டஸும் 1985இல் வெளியிட்ட ஆய்வு. குழுவாகப் பேசும்போது, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த தகவலைப் பற்றியே பேச்சு சுற்றுகிறது, ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் மேலே வராமலே போய்விடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பத்துப் பேரைக் கூட்டுவதன் நோக்கமே பத்துப் பேருக்கும் தனித்தனியே தெரிந்ததை ஒன்றுசேர்ப்பதுதான் என்றால், வழக்கமான கூட்டம் அந்த நோக்கத்தையே கோட்டைவிடுகிறது. பொதுவான தகவல் காகிதத்தில் இருந்துவிட்டால், அதைத் திரும்பச் சொல்லும் தேவை இல்லாமல், குறிப்பில் எது விடுபட்டிருக்கிறது என்ற கேள்வியோடு பேச்சைத் தொடங்க முடிகிறது. புள்ளி போட்ட சொற்றொடர்களில் மறைந்துகொள்ளும் ஓட்டைகள் முழு வாக்கியத்தில் எழுதும்போது வெளியே தெரிந்துவிடும் என்பதும் ஓர் அனுபவ உண்மை. எழுதத் தொடங்கிய பிறகு, இந்த யோசனை தேறாது என்று எழுதுபவரே கைவிட்டால், ஒரு கூட்டமே மிச்சமாகிறது.

பேசும் வரிசையும் இங்கே கவனத்துக்குரியது. மேலதிகாரி முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு பேசுபவர்கள் அதற்கு இசைவாகவே பேசுவார்கள் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படித்து முடித்ததும் ஒவ்வொருவரும் தம் நிலைப்பாட்டை ஒரு வரியில் எழுதிவைத்துக்கொள்வதும், பணியில் இளையவரிலிருந்து பேசத் தொடங்குவதும் இதற்கு எளிய மாற்று. புதிய யோசனைகள் தேவைப்படும் கூட்டத்துக்கும் இதுவே பொருந்தும். சேர்ந்து உட்கார்ந்து யோசித்த குழுவைவிட, தனித்தனியே யோசித்துப் பிறகு தொகுத்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன என்று யேல் பல்கலைக்கழகத்தில் நடந்து 1958இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த வழிக்குச் செலவு உண்டு. நல்ல குறிப்பு எழுத ஒருவருக்கு அரை நாள் ஆகலாம். ஐந்து பேர் ஒரு மணி நேரம் கூட, எழுதியவரின் நான்கு மணி நேரத்தையும் சேர்த்தால் ஒன்பது ஆள்-மணி வருகிறது. எந்த நிறத்தில் உறை அச்சிடுவது போன்ற விஷயங்களுக்கு இது தேவையே இல்லை. திரும்பப் பெற முடியாத முடிவு, பெரிய செலவு, பல பிரிவுகளைத் தொடும் மாற்றம் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்கும் ஆறு பக்கம் அவசியமில்லை, இரண்டு பக்கம் போதும். எழுத்து கைவந்தவர்களுக்கு இந்த முறை கூடுதல் சாதகம் தருகிறது என்பதை மறுக்க முடியாது. விஷயம் தெரிந்தும் எழுதத் தயங்குபவருக்கு, எழுதத் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கொடுப்பது அமைப்பின் பொறுப்பு. ஐந்து பேர் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. ஐந்து பேருக்குள் இருவர் இருவராகப் பார்த்தால் பத்து இணைகள், பத்துப் பேருக்குள் நாற்பத்தைந்து. ஆள் இரு மடங்கானால் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டிய சுமை நான்கு மடங்குக்கும் மேல் போய்விடுகிறது.

இவை தவிர, எல்லாக் கூட்டங்களையும் ஒரே அடியாக நீக்கிவிடும் வழியையும் சிலர் முன்வைக்கிறார்கள். 2023 ஜனவரியில், இணையக் கடைகளுக்கான மென்பொருள் தரும் ஷாப்பிஃபை நிறுவனம் இரண்டு பேருக்கு மேல் கலந்துகொள்ளும் தொடர் கூட்டங்களைக் காலண்டரிலிருந்து நீக்கியது பலரின் கவனத்தை ஈர்த்தது. வேண்டாதது எது என்று கண்டுபிடிக்க இது நல்ல வழி. ஆனால் நீக்கியதன் இடத்தில் எது வரும் என்ற கேள்விக்கு இது பதில் அல்ல என்பதால், தனி வழியாக இதை நான் எண்ணவில்லை.

முதலில் சொன்ன பத்துப் பேர் குழு என்னிடம் கேட்டால், வாராந்திரக் கூட்டத்தைக் குறைக்காமல் பிரிக்கவே சொல்வேன். தகவல் பகிர்வு முழுவதையும் வாரம் ஒருமுறை எழுதும் அறிக்கைக்கு மாற்றிவிட வேண்டும். முடிவெடுக்க வேண்டிய விஷயம் இருக்கும் வாரத்தில் மட்டும், அதற்குத் தேவையான நான்கைந்து பேர், எழுதிய குறிப்போடு கூட வேண்டும், விஷயம் இல்லாத வாரத்தில் கூட்டமும் இருக்கக் கூடாது. ஒருவரை ஒருவர் தினமும் சார்ந்திருக்கும் வேலை உள்ள சிறு பிரிவுக்கு மட்டும் தினசரிப் பதினைந்து நிமிடம். பெரிய முடிவு வரும் வாரங்களில் இந்த ஏற்பாட்டின் மொத்த நேரம் பழைய பத்து ஆள்-மணியைத் தாண்டவும் செய்யும். அதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை, அந்த நேரம் ஒரு முடிவாகத் திரும்பி வருகிறது. மேலாளருக்கு இவ்வளவு மாற்றத்தில் விருப்பமில்லை என்றால், நிகழ்ச்சி நிரலைக் கேள்விகளாக எழுதுவதை மட்டுமாவது தொடங்கலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பணியாளரின் தனிப்பட்ட குறை, இருவருக்கு இடையிலான மனக்கசப்பு, வேலை இழப்பு போன்றவற்றை இந்த வடிவங்கள் எதிலும் நுழைக்கக் கூடாது, அவற்றை இருவர் நேரில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கூட்டக் குறிப்பை எழுதும் முறை ஒன்றுதான். 'இது குறித்து ஆவன செய்யப்படும்' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் இருக்க வேண்டும், எல்லோரும் எழுந்து போவதற்கு முன்பே திரையில் அவர்கள் கண்முன் எழுதப்பட வேண்டும். புதிய ஏற்பாட்டின் அழைப்பை முடிவே இல்லாத தொடராக அனுப்பாமல், ஆறு வாரத்தில் தானாக முடியும்படி அனுப்பி, அந்த ஆறு வாரக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒருமுறை முடிவெடுத்த பிறகும் மறுபடி பேச்சுக்கு வந்த விஷயங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த எண் பழைய ஆறு வாரங்களைவிடக் குறைந்திருந்தால் அழைப்பைப் புதுப்பிக்கலாம். குறையவில்லை என்றால், திரும்பி வந்த ஒவ்வொரு விஷயத்துக்கும் முடிவெடுப்பவர் யார் என்று எழுதப்பட்டிருந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.